இரண்டரைப் புள்ளி

ஃபிரிட்ஜ் வாங்குவதற்கே பதினான்கு கட்டம் போட்டு அட்டவணை எழுதிய மனிதர், பெற்ற பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேடினால் எப்படி இருக்கும் என்று கேட்கவே வேண்டாம். அந்த ஃபிரிட்ஜை ஒருவழியாகத் தேர்ந்தெடுத்து அவர் கடைக்குப் போனபோது, அந்த மாடலைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டிருந்தார்கள். அப்போதும் மனிதர் திருந்தவில்லை. வீட்டுக்கு வந்து அட்டவணையில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தார்: 'கடையில் இருக்கிறதா?'

உதிரி பாகக் கிடங்கு ஒன்றில் சரக்கு இருப்பைச் சரிபார்ப்பது அவர் வேலை. அங்கே எல்லோரும் அவரை இருப்புக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வந்தது எத்தனை, போனது எத்தனை, அலமாரியில் இருப்பது எத்தனை என்ற மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. ஒரு தடவை ஒரு பெட்டி போல்ட் குறைந்ததற்காக ஞாயிற்றுக்கிழமை கிடங்கைத் திறக்கச் சொல்லி மேலாளரின் வீட்டு வாசலில் போய் நின்றவர். போல்ட் கிடைத்தது. மேலாளர் மூன்று வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவர் மனைவி நர்ஸ். ஏழு வருடம் காத்திருந்து இப்போதுதான் பதவி உயர்வு வந்திருந்தது, ஒரு கிராமப்புற மாவட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தலைமை நர்ஸாக. தங்க வீடும் தருகிறார்கள். அந்தப் பக்கத்துக் கிடங்கு ஒன்றில் கணவருக்கும் மாற்றல் கிடைக்கும். ஆனால் மூன்று வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். நர்ஸம்மா கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

"வாண்டுக்கு ஒரு நல்ல பள்ளிக்கூடம் அமைஞ்சா கையெழுத்துப் போடறேன். இல்லன்னா இந்தப் பதவியே எனக்கு வேணாம்."

வாண்டு என்பது அவர்களுடைய ஒரே மகள். ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டியவள். புத்தியில் எந்தக் குறையும் இல்லை. ஒரு கதையை ஒரு தடவை கேட்டால் போதும், ஆள் ஆளாகக் குரல் மாற்றி அப்படியே நடித்துக் காட்டுவாள். எழுத்துகள்தான் அவளிடம் வம்பு செய்தன. மற்ற பிள்ளைகள் ஐந்து வரி படித்து முடிக்கும் நேரத்தில் அவள் ஒரு வரியைத் தாண்டியிருப்பாள். இப்போது படிக்கும் பள்ளியில் இரண்டு தடவை கூப்பிட்டு, "வேற இடம் பாருங்களேன், பிள்ளைக்கும் நல்லது" என்று சிரித்த முகத்தோடு சொல்லியிருந்தார்கள். மூன்றாவது தடவை சிரிக்க மாட்டார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மகளுக்குப் படிக்க உதவுகிறேன் என்று இருப்புக்காரர் தினமும் சாயங்காலம் பக்கத்தில் உட்காருவார். உதவி என்னவென்றால், அவள் ஒரு சொல்லை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் இவரே அந்தச் சொல்லைச் சொல்லிவிடுவார். "அப்பா, நானே சொல்றேன்" என்பாள். "சரி சரி" என்பார். அடுத்த சொல்லிலேயே நாக்கு முந்திக்கொள்ளும். பாசம்தான். பாசத்துக்கும் பொறுமைக்கும் எப்போதும் சம்பந்தம் இருப்பதில்லை.

கல்வித் துறை ஒவ்வொரு பள்ளியின் விவரத்தையும் இணையத்தில் போட்டிருந்தது. புது ஊருக்குப் பக்கத்தில் அரசுப் பள்ளிகள் மூன்று. ஒன்று எட்டாம் வகுப்போடு நின்றுவிடுவதால் அதை முதல் நாளே அடித்துவிட்டார். மீதி இரண்டில் ஒன்று பெரிய சாலை மேல் இருந்தது, மற்றது பாலத்துக்குப் பக்கத்தில். ஆசிரியர் எத்தனை, பிள்ளைகள் எத்தனை, நூலகத்தில் புத்தகம் எத்தனை, கதவுள்ள கழிப்பறை எத்தனை என்று பதினேழு கட்டம். ஒரு பள்ளிக்கு ஐந்து வருடம் என்று பத்து வரி, மேலே தலைப்பு வரி ஒன்று. எல்லாவற்றையும் அச்செடுத்து, தாள்களை ஒட்டி, சாப்பாட்டு மேஜையின் பாதியை அடைத்தார். குடும்பம் மறு பாதியில் ஒண்டிக்கொண்டு சாப்பிட்டது.

"என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடியும் இப்படி ஒரு அட்டவணை போட்டீங்களா?" என்று கேட்டார் நர்ஸம்மா, டீ டம்ளரை வைக்க இடம் தேடியபடி.

"போட உட்கார்ந்தேன். ஒரே ஒரு பேருதான் இருந்துச்சு. ஒப்பிட ஆளில்லாம விட்டுட்டேன்."

நர்ஸம்மா டம்ளருக்குள் சிரிப்பை மறைத்துக்கொண்டு, தாளின் மேலேயே டீயை வைத்தார். வட்டமாகக் கறை விழுந்தது. வேறு யாராவது வைத்திருந்தால் அன்றைக்கு வீடு இரண்டாகியிருக்கும்.

சாலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி தொண்ணூற்றெட்டு சதவீதம். பாலத்துப் பள்ளியில் ஐம்பத்தாறு. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது என்று மூன்றாம் நாளே சாலைப் பள்ளியைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டு, சேர்க்கை விண்ணப்பத்தையும் பூர்த்தி செய்துவிட்டார். நர்ஸம்மாவும் அலமாரியிலிருந்து கடிதத்தை வெளியே எடுத்தார்.

ஐந்தாம் நாள்தான் அவருடைய கிடங்குக் கண் விழித்துக்கொண்டது. சாலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் அறுபத்து நான்கு பேர். மறு வருடம் பத்தாம் வகுப்பில் நாற்பத்து மூன்று பேர். இருபத்தொரு பிள்ளைகள் எங்கே? கிடங்கில் இப்படி நடந்தால் ஊரையே கூட்டியிருப்பார். விரல் தானாகக் கீழே இறங்கியது. பாலத்துப் பள்ளியில் ஒன்பதில் இருபத்திரண்டு பேர், மறு வருடம் பத்தில் நாற்பத்தொன்று. பத்தொன்பது பேர் கூடுதல். ஐந்து வருடமும் அதே கதைதான்.

"இங்க பாரு, இங்க பாரு! சரக்கு கை மாறியிருக்கு!" என்று கத்தினார்.

"பிள்ளைங்கள சரக்குன்னு சொல்லாதீங்க" என்று சமையலறையிலிருந்து வந்த நர்ஸம்மா, அவர் காட்டிய எண்களைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தேறாது என்று தோன்றுகிற பிள்ளைகளைப் பத்தாம் வகுப்புக்கு முன்பே வெளியே தள்ளிவிட்டு, மிச்சம் இருப்பவர்களை வைத்து வாங்கிய தொண்ணூற்றெட்டு. வாண்டுவை அவர்கள் எந்தப் பக்கம் நிறுத்துவார்கள் என்று இருவருமே வாய்விட்டுச் சொல்லவில்லை. கடிதம் மறுபடி அலமாரிக்குள் போனது.

கிடங்கில் எந்தப் புதுச் சரக்கு வந்தாலும் இரண்டு கேள்வி கேட்பது வழக்கம். அலமாரியால் சரக்குக்கு என்ன கெடுதல்? சரக்கால் அலமாரிக்கு என்ன கெடுதல்? ரப்பர் வளையத்தை வெயில் படும் தட்டில் வைத்தால் வளையம் வெடிக்கும். எண்ணெய் டப்பாவை அட்டைப் பெட்டிகளின் மேல் வைத்தால் பெட்டிகள் நாசம். இருபது வருடப் பழக்கம், கை சும்மா இருக்குமா? கடைசிக் கட்டத்தில் பென்சிலால் எழுதினார். சாலைப் பள்ளி வரியில்: 'பத்தாம் வகுப்புக்கு முன் பிள்ளையை வெளியே அனுப்பிவிடுவார்கள்.' பாலத்துப் பள்ளியின் கடைசி வரியில்: 'பிள்ளையால் தேர்ச்சி ஒரு புள்ளி குறையலாம்.' எழுதிவிட்டுப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எழுந்து போனார். நர்ஸம்மாவும் பிறகு அந்த வரியைப் பார்த்தார்; மனிதரின் பழக்கம் தெரிந்ததுதானே என்று கடந்துவிட்டார். அச்சடித்த எதைக் கண்டாலும் ஓடுகிற பிள்ளை அந்தத் தாளைப் பார்ப்பாள் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

பாலத்துப் பள்ளியை நேரில் பார்த்துவிட்டுத்தான் முடிவு என்று, மூன்றாவது வாரம் மூவரும் பஸ் ஏறினார்கள். மூன்று மணி நேரப் பயணம். அட்டவணை சுருட்டப்பட்டு இருப்புக்காரரின் மடியில் குழந்தை மாதிரி வந்தது. வாண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து வாயே திறக்கவில்லை. பஸ் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நர்ஸம்மா நினைத்தார்.

தலைமையாசிரியையின் அறையில் கிழிந்த புத்தகங்கள் மேஜை முழுவதும் பரப்பிக் கிடந்தன. அந்த அம்மா ஒவ்வொன்றின் முதுகுக்கும் பசை தடவிக்கொண்டிருந்தார். மூடாத பீரோவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

"உட்காருங்க, உட்காருங்க. கையெல்லாம் பசை. வணக்கம்கூடச் சொல்ல முடியல."

இருப்புக்காரர் தாளை விரித்தார். தலைமையாசிரியை தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"அடேங்கப்பா! எங்க கக்கூஸ் கதவைக்கூட விடலையா நீங்க?"

"அதை விடுங்க மேடம். ஒன்பதாவதுல இருபத்திரண்டு, பத்தாவதுல நாப்பத்தொண்ணு. இந்தப் பத்தொன்பது பேரு யாரு?"

பசை தடவிய கை நின்றது. அந்த அம்மா முதல் தடவையாக அவரை நன்றாகப் பார்த்தார்.

"இதுவரைக்கும் யாரும் இதைக் கேட்டதில்ல சார். ஐம்பத்தாறப் பார்ப்பாங்க, போயிடுவாங்க." நாற்காலியில் சாய்ந்தார். "ஒன்பதாவது முடிஞ்சதும் அங்க டி.சி. குடுத்து அனுப்பிடுவாங்க. நேரா இங்க வருவாங்க. எங்க பிள்ளைங்க இருபத்திரண்டு பேருல பதினேழு பேரு பாஸ். வந்தவங்கள்ல ஆறு பேரு. அந்த ஆறுக்கு நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். மிச்சம் பதிமூணு பேருல பத்துப் பேரு இன்னும் சாயங்காலம் வந்து படிக்கிறாங்க, மறுபடி எழுத. அதுக்கெல்லாம் உங்க தாள்ல கட்டம் இருக்கா?"

"இல்ல மேடம்" என்றார் இருப்புக்காரர். அப்படி ஒரு பதிலை அவர் வாயிலிருந்து நர்ஸம்மா கேட்டதே இல்லை.

அப்போதுதான் வாண்டு பேசினாள். காலையிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருக்க வேண்டும், ஒரு இடத்திலும் தடுக்கவில்லை.

"மேடம், நான் சேர்ந்தா உங்களுக்கு ஒரு புள்ளி குறையும். பரவாயில்லையா?"

"யாரு சொன்னா?" என்றார் தலைமையாசிரியை.

"அப்பா எழுதி வச்சிருக்காங்க. கடைசி வரியில. பென்சில்ல."

நர்ஸம்மாவின் கை தன்னால் வாய்க்குப் போனது. இருப்புக்காரர் மகளைப் பார்க்க முயன்றார், முடியவில்லை. தாளைப் பார்த்தார், அதுவும் முடியவில்லை. கடைசியில் பீரோவின் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். எண்ணெய் டப்பாவுக்கு எழுதுவதைப் பிள்ளைக்கு எழுதிவிட்டோமே என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

தலைமையாசிரியை அந்த வரியைத் தேடிப் படித்தார். பிறகு விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். அந்தப் பள்ளியில் கணக்கு டீச்சரும் அவர்தான்.

"இது தப்பு சார்" என்றார்.

"தெரியும் மேடம். நான் இதை எழுதியிருக்கவே..."

"அதச் சொல்லல. கணக்கே தப்பு. மொத்தப் பள்ளிக்கூடத்தால வகுத்திருக்கீங்க. பத்தாவதுல எழுதுறது நாப்பத்தொரு பேரு. அப்ப ஒருத்தர் எவ்வளவு? கிட்டத்தட்ட ரெண்டரை சதவீதம்." வாண்டுவின் பக்கம் திரும்பினார். "ஒரு புள்ளி இல்லம்மா. நீ ரெண்டரைப் புள்ளி."

வாண்டுவின் கண் விரிந்தது. "குறைஞ்சா ரெண்டரை குறையுமா?"

"குறையும். ஏறினா ரெண்டரை ஏறும். சின்ன பள்ளிக்கூடம்ல, இங்க ஒவ்வொருத்தரும் அவ்வளவு வெயிட்டு. நீ பத்தாவது எழுத இன்னும் அஞ்சு வருஷம் கிடக்கு. அதுக்குள்ள எவ்வளவோ பார்த்துக்கலாம். இப்ப சொல்லு, உனக்குப் பசை தடவத் தெரியுமா?"

தெரியும் என்று தலையாட்டினாள். மணி அடிக்கும் வரை இரண்டு பேரும் புத்தகம் ஒட்டினார்கள்.

திரும்பும் பஸ்ஸில் வாண்டு வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். நடுவில் ஒரு மூச்சு இடைவெளி கிடைத்ததும் இருப்புக்காரர் மெதுவாகக் கேட்டார்.

"எல்லாத்தையுமா படிச்சே?"

"ம். தினம் ஒரு வரி. நீங்க வேலைக்குப் போனப்புறம். பதினோரு வரி, பதினோரு நாள்."

"எதுக்கும்மா?"

"நான் எங்க போகப் போறேன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

பதினோரு நாள், பதினேழு கட்டம், பக்கத்தில் யாரும் முந்திக்கொண்டு சொல்லாமல் அவளே படித்திருக்கிறாள். இருப்புக்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. தூசி என்று சொல்லி ஜன்னலை மூடினார். நர்ஸம்மா அந்தப் பொய்யைக் கண்டுகொள்ளவில்லை.

மறுநாள் காலையில் அவர் தாளை மறுபடி மேஜையில் விரித்தார். வாண்டு அழி ரப்பரை எடுத்து நீட்டினாள்.

"வேணாம். கிடங்குல தப்பா எழுதினதை அழிக்கக் கூடாது. ஒத்தைக் கோடு போட்டு அடிச்சுட்டு, சரியானதைப் பக்கத்துல எழுதி, கையெழுத்துப் போடணும். தப்பு பண்ணினவன் யாருன்னு தெரியணும்ல."

பேனாவை எடுத்தார். 'பிள்ளையால் தேர்ச்சி ஒரு புள்ளி குறையலாம்' என்பதன் மேல் கோடு போட்டார். பக்கத்தில் 'எங்கள் பிள்ளை இரண்டரைப் புள்ளி' என்று எழுதித் தன் பெயரைப் போட்டார். பிறகு பேனாவை மகளிடம் கொடுத்தார்.

"சாட்சிக் கையெழுத்து ஒண்ணு வேணும். தப்பைக் கண்டுபிடிச்சவங்க போடணும்."

நர்ஸம்மா அலமாரியிலிருந்து ஆஸ்பத்திரிக் கடிதத்தை எடுத்து வந்து, பேனாவுக்காகப் பக்கத்தில் உட்கார்ந்தார். வாண்டு தாளின் மேல் குனிந்தாள். முதல் எழுத்தை எழுதினாள். அதை ஒரு தடவை சரிபார்த்தாள். இரண்டாவது எழுத்துக்குக் கொம்பு எந்தப் பக்கம் என்று யோசித்தாள். இருப்புக்காரரின் உதடு பிரிந்தது. உடனே பல்லைக் கடித்து மூடிக்கொண்டார். வேலைக்குப் போகும் பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மகள் தன் பெயரை எழுதி முடிக்கும் வரை, ஒரு சொல்லும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.