பட்டுவின் டிக்கெட்

இத்தாலியின் சார்டினியா தீவிலுள்ள பழைய சுரங்கத் துறைமுகத்துக்கு ராமசுவாமி வந்து சேர்ந்தபோது கையில் இரண்டு டிக்கெட்டுகள் இருந்தன. ஒன்று மனைவி பட்டுவுடையது. கிளம்புவதற்கு முந்தின வாரம் அவள் ஹைதராபாத்தில் ஏ.எஸ்.ராவ் நகர் மார்க்கெட்டில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். நானும் போகவில்லை என்று அவர் இழுத்தபோது, "நக்கோ, அதெல்லாம் வேண்டாம். நீங்க போய் அந்தப் பாறைவாசலை எனக்கு வீடியோவில காட்டுங்கோ, போதும்" என்றாள். செங்குத்துப் பாறையைக் குடைந்து கடலுக்கு மேலே அந்தரத்தில் திறக்கும் அந்த வாசலை டிவியில் பார்த்து ஆசைப்பட்டவளே அவள்தான்.

வந்த சுற்றுலா பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து இருக்கை காலி. ஒரு ஜெர்மன்காரர் அதில் தன் குடையை வைத்துக்கொண்டார்.

சுரங்க வாசலில் ஒரு இரும்புக் கதவு, சீருடையில் ஒரு காவலாளி, பக்கத்தில் கவுண்டர். அங்கிருந்த பெண் ஹெல்மெட்டை நீட்டினாள். ராமசுவாமி செல்போனை எடுத்து அவளிடம் கொடுத்தார். அவள் ஒரு கணம் விழித்துவிட்டு அதை இழுப்பறையில் வைத்தாள். டோக்கனுக்காக நீட்டிய கையுடன் அவர் நின்றார். குழு உள்ளே போய்விட, அவரும் பின்னாலேயே ஓடினார்.

சுரங்கத்தில் குளிர்ந்தது. முன்பெல்லாம் ஆட்கள் தாதுவைக் கூடைகளில் சுமந்து படகேற்றினார்களாம், வழிகாட்டிப் பெண் சொன்னாள். பிறகு பாறைக்குள்ளேயே கிடங்குகள் குடைந்து, அடியில் கன்வேயர் பெல்ட் ஓடவிட்டு, நேராகக் கப்பலுக்குள் கொட்டியிருக்கிறார்கள். அந்த யோசனையின் அழகு அவருக்குப் புரிந்தது. யாரிடமாவது சொல்லவேண்டும் போல் திரும்பினார். ஜெர்மன்காரர் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

சுரங்கம் முடிந்த இடத்தில் வெளிச்சம், கீழே கடல், எதிரே வெள்ளையாக ஒரு பாறைத்தீவு. எல்லாரும் போனைத் தூக்கினார்கள். அப்போதுதான் அவர் கை சட்டைப்பைக்குப் போனது.

வெளியே வந்து போனை வாங்கிப் பட்டுவைக் கூப்பிட்டார்.

"எங்கே போனேள்? சாப்பிடாம உக்காந்திண்டிருக்கேன்."

"போனைக் கவுண்டர்ல கொடுத்துட்டேன்."

"கேட்டாளா?"

"இல்லே. வாசல்ல செக்யூரிட்டி நின்னான்."

அவள் சிரித்தாள். "ரிட்டயராகி எத்தனை வருஷமாச்சு! இத்தாலி கேட்டிலயும் டெபாசிட்டா?"

அவர் வேலை பார்த்தது ராணுவத்துக்கு மின்னணுக் கருவிகள் செய்யும் கம்பெனியில். போன், கேமரா எதுவும் கேட்டைத் தாண்டக்கூடாது; கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ளவேண்டும். உள்ளே நடப்பதும் கேட்டைத் தாண்டி வீட்டுக்கு வரக்கூடாது.

பட்டுவின் சிரிப்பு பாதியில் நின்றது. "உங்க ஆபீஸை ஒருநாளும் பார்த்ததில்லே. என்ன வேலைன்னு கேட்டா ஒண்ணுமில்லேம்பேள். இதையாவது பார்க்கலாம்னு இருந்தேன். சரி, விடுங்கோ."

வைத்துவிட்டாள்.

மற்றவர்கள் கடற்கரைக்குச் சாப்பிடப் போனார்கள். ராமசுவாமி கவுண்டருக்குத் திரும்பி, பட்டுவின் பெயர் போட்ட, கிழிக்காத டிக்கெட்டை வைத்தார். அந்தப் பெண் அவர் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "உங்கள் மனைவி?" என்றாள்.

"ஹைதராபாத்" என்று போனைக் காட்டினார். அவள் அடுத்த குழுவில் அவரைச் சேர்த்துக்கொண்டாள்.

பாறைவாசலில் சிக்னல் கிடைத்தது. போனில் பட்டு, மாவுக்கட்டுக் கை, பின்னால் வெயிலுக்கு இழுத்துவிட்ட ஜன்னல் திரை. அவர் கேமராவைக் கடல் பக்கம் திருப்பினார். காற்று மட்டும் இரைந்தது.

"சும்மா நிக்கறேளே, ஏதாவது சொல்லுங்கோ."

பழக்கத்தில் சுற்றுமுற்றும் பார்த்தார். தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை. "பெல்ட் இந்த வழியா வெளியே நீளும். கப்பல் கீழே வந்து நிக்கும். கடைசியில நிக்கறவனுக்கு நாளெல்லாம் இந்தக் கடல்தான்."

"உங்க ரூம்லேர்ந்து என்ன தெரியும்?"

வழிகாட்டி எல்லாரையும் திரும்பச் சொல்லிக் கூப்பிட்டாள். ராமசுவாமி நகரவில்லை.

"என் ரூம்ல ஜன்னலே கிடையாது, பட்டு."

"சர்வீஸ் முழுக்கவா?"

"ம்."

அவள் சொன்னாள்: "அப்படியே பிடிச்சிண்டு இருங்கோ. நீங்களும் பாருங்கோ."