கிரீன்லாந்துக்கு ஓரிடம்

எமில்டாவுக்கு அந்த வேலையை எடுத்துக் கொடுத்ததே பாலாம்பிகைதான். அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும். லண்டன் கோலியர்ஸ் வுட்டில் நாலு வீடு தள்ளி இருந்த பெண், ஊரில் ரசாயனம் படித்தவள், பாவம் என்று இரக்கப்பட்டுத் தன் ஆய்வுகூடத்துக்குக் கூட்டிப்போனாள். இப்போது அந்தப் பாவம் பக்கத்து மேசையில் இருந்து “அக்கா, அக்கா” என்று குழைந்துகொண்டே, டொக்டர் செல்லப்பனிடம் நாளுக்கொரு ‘வெரி குட்’ வாங்கிக்கொண்டிருந்தது.

செல்லப்பன் மலேசியாக்காரர். பனியிலும் பனிக்கட்டியிலும் என்னென்ன கலந்திருக்கிறது என்று ஆராய்கிற குழுவின் தலைவர். 1991 கோடையில் அந்தக் குழு கிரீன்லாந்துக்குப் போக இருந்தது. உதவியாளர் ஒருவருக்கு மட்டும் இடம். வருடக்கணக்காக அங்கே குப்பி கழுவியவள் பாலாம்பிகை. நேற்று வந்தவள் எமில்டா. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனால் மனுஷன் யோசித்தார்.

பெப்ரவரியில் லண்டனில் பனி கொட்டித் தீர்த்ததும் அவருக்கு வழி பிறந்துவிட்டது.

“புதன்கிழமை டூட்டிங் பெக் திடலுக்குப் போவோம். அங்கேயே எடுத்து, அங்கேயே சோதிப்போம். யார் எடுத்தது சுத்தமா இருக்கோ அவங்க என்கூட வரலாம்.”

சுத்தம் என்றால் சமையலறைச் சுத்தம் இல்லை. உடம்பு முழுவதும் வெள்ளை உடுப்பு, தலைக்கு மூடி, கைக்கு உறை. காற்றுக்கு முகம் கொடுத்து நின்று, மேலே படிந்த கரியை வழித்து எறிந்துவிட்டு, அடிப்பனியைக் குப்பிக்குள் தள்ள வேண்டும். முகத்தில் பவுடர், கிறீம் எதுவும் கூடாது. லண்டன் பனி, புகையைக் குடித்துக் குடித்துப் புளித்திருக்கும். அதை உருக்கி, புளிப்பு அளக்கிற மீட்டரை விட்டால் நாலரைக்குக் கிட்ட நிற்க வேண்டும். புளிப்புக் குறையக் குறைய எண் ஏறும். மேலே ஏறினால், வெளியிலிருந்து ஏதோ விழுந்திருக்கிறது என்று அர்த்தம். இதையெல்லாம் எமில்டாவுக்குச் சொல்லிக் கொடுத்ததும் பாலாம்பிகைதான்.

புதன் காலை அவள் புறப்படும்போது கணவன் பரமேஸ்வரன் கூப்பிட்டு நிறுத்தினார். விம்பிள்டன் பிள்ளையார் கோவில் விபூதியை எடுத்து அவள் நெற்றியில் பூசிவிட்டார். தினமும் நடப்பதுதான், அன்றைக்குக் கை கொஞ்சம் தாராளம்.

“பிள்ளையார் கைவிடமாட்டார். நீதான் போவாய், பார்” என்றார்.

திடலில் செல்லப்பன் தன் வான் வண்டிக்குள் இருந்து மீட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எமில்டா மூச்சிரைக்க ஓடிவந்தாள். அவள் நெற்றியைக் கண்டதும் பாலாம்பிகைக்குக் கண் விரிந்தது. நடு நெற்றியில் சாம்பலால் ஒரு சிலுவை.

“பூசைக்குப் போட்டு வாறன் அக்கா. இண்டைக்கு விபூதிப் புதன் எல்லோ, சேர்ச்சிலை பாதர் பூசிவிட்டவர்” என்றாள் எமில்டா. பாலாம்பிகையின் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டு வெள்ளை உடுப்பை எடுத்தாள்.

சாம்பல்! புளிப்பை முறிக்கிற சாமான். ஒரு கிள்ளு விழுந்தால் போதும், மீட்டர் ஏறிவிடும். ‘எடி பிள்ளை, அதைத் துடை’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பாலாம்பிகை வாயைத் திறக்கவில்லை. சொல்லாமல் விட்டது அவளுக்கு அப்படி இனித்தது. கிரீன்லாந்தில் போடுவதற்கு எந்தக் கம்பளிச் சட்டை வாங்கலாம் என்றுகூட யோசித்தாள்.

இருவரும் ஆளுக்கொரு குழியருகே மண்டியிட்டார்கள். எமில்டா தலைமூடியைப் புருவம்வரை இறுக்கி இழுத்து விட்டிருந்தாள். அது பாலாம்பிகைக்குப் பிடிக்கவில்லை. அதற்குள் இருக்கிற சாம்பல் எப்படி விழும்? குனிந்த வாக்கில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பாலாம்பிகையின் தலைமூடி வழுகி வழுகிக் கண்ணை மறைத்தது. சினம் வந்து அதை உச்சிக்குத் தள்ளிவிட்டாள். இப்போது எமில்டா நன்றாகத் தெரிந்தாள். கரண்டி கை பழகிய பழக்கத்தில் தானாக வேலை செய்தது. ‘பிள்ளையாரே, விழட்டும், விழட்டும்’ என்று மனதுக்குள் மன்றாடிக்கொண்டே பனியை அள்ளினாள்.

வண்டிக்குள் செல்லப்பன் இரண்டு குப்பிகளையும் உருக்கினார். முதலில் எமில்டாவுடையது. முள் நாலரைக்குக் கொஞ்சம் கீழே போய் அசையாமல் நின்றது. பாலாம்பிகைக்கு நம்ப முடியவில்லை. அடுத்தது அவளுடையது. முள் ஐந்தைத் தாண்டியது, ஆறையும் தாண்டியது. செல்லப்பன் மீட்டரைக் கழுவித் துடைத்து மறுபடி விட்டார். அதேதான்.

“முகத்துல ஏதாவது போட்டீங்களா பாலா?”

“நான் பவுடரைத் தொட்டே ஒரு கிழமை ஆகுது டொக்டர்!” பாலாம்பிகைக்குக் குரல் உயர்ந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அவள் நெற்றியைப் பார்த்தார். அங்கே மூன்று குறியில் ஒன்றரைதான் மிச்சம் இருந்தது.

“மீதி இங்க இருக்கு” என்று குப்பியைத் தூக்கிக் காட்டினார். கோபப்படவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. “எமில்டா, பாஸ்போர்ட் எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுக்க முன்னால் போனார்.

பாலாம்பிகை நெற்றியைத் தடவினாள். விரலில் வெள்ளையாக ஒட்டியது. நாள் தவறாமல் இருக்கிற ஒன்று, இருக்கிறதென்றே நினைவு வரவில்லை. அவளுக்குச் சாம்பல் என்றால் எமில்டாவின் சாம்பல்தான். திடீரென்று எமில்டா காலையில் தன் முகத்தைப் பார்த்ததும் சிரித்ததும் நினைவுக்கு வந்தன.

“எடி, நீ காலமையே கண்டனியோ?”

“ஓம் அக்கா.”

“கண்டும் ஏன்டி சொல்லேல்லை?”

எமில்டா தலைமூடியை மெல்லக் கழற்றினாள்.

“நீங்களும் என்ரையைக் கண்டனீங்கள்தானே அக்கா.”

சாம்பல் சிலுவை ஒரு பொட்டும் உதிராமல் அவள் நெற்றியில் அப்படியே இருந்தது. அதைப் பார்க்கவும் பாலாம்பிகைக்குப் பொறாமையாக இருந்தது.