இரண்டு புள்ளி கூடுதல் சத்தம்

ஆறு வருஷமாக மீட்டரம்மா ஒரே ஆளின் மேல் கறுவிக்கொண்டிருந்தாள். அந்த ஆள் வேறு யாருமில்லை, அக்காவின் புருஷன்தான்.

மீட்டரம்மா என்ற பெயர் கடையில் வைத்தது. ஹோம் தியேட்டர் சாமான்கள் விற்கும் பெரிய ஷோரூம் அது. பின்பக்க அறையில் அவள் ரிப்பேர் பார்த்தாள். யார் என்ன கேட்டாலும், "இருங்க, மீட்டர் வெச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்பாள். பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் அத்தான். முன்பக்கம் முழுக்க அவர் ராஜ்ஜியம். கறுப்புச் சோபா போட்ட அறையில் வாடிக்கையாளரை உட்கார வைத்து, ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பெருக்கி அனுப்பும் பெட்டிதான் ரிசீவர்; ஒரே படத்தை முதலில் சின்ன ரிசீவரிலும் அப்புறம் பெரிய ரிசீவரிலும் போட்டுக் காட்டுவார்.

"கேட்டீங்களா? காதுல இருந்து பஞ்சை எடுத்த மாதிரி இல்ல?"

வந்தவர்கள் தலையாட்டுவார்கள். மூன்று மடங்கு விலையுள்ள பெட்டி வண்டியில் ஏறும்.

பஞ்சை எடுக்கிற வித்தை என்னவென்று ஒருநாள் அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அந்த அறையில் ஒரு ஸ்பீக்கர் ஒயர் தளர்ந்திருந்தது. அதை முடுக்கப் போனவள், பெரிய ரிசீவருக்கு மாற்றும்போதெல்லாம் அத்தானின் கட்டைவிரல் ரிமோட்டில் இரண்டு தடவை அழுந்துவதைப் பார்த்தாள். இரண்டு புள்ளி சத்தம் கூடுதல், அவ்வளவுதான். அந்த அளவுக்குக் கூடினால் யாருக்கும் சத்தம் கூடியதாகத் தோன்றாது. இன்னும் நன்றாக இருப்பதாகத்தான் தோன்றும்.

அன்றைக்கு சோபாவில் உட்கார்ந்திருந்தவர் ஒரு பல் டாக்டர். "நீங்க மெக்கானிக்தானே? நீங்க எதை வாங்குவீங்க?" என்று அவளையே கேட்டுவிட்டார்.

"சத்தத்தைச் சமமா வெச்சா ரெண்டும் ஒண்ணுதான் சார். உங்க ரூமுக்குச் சின்னதே தாராளம். எத்தனை சாக்கெட் இருக்கு, எவ்வளவு சூடாகுது, அதைப் பாத்து வாங்குங்க."

அத்தான் கோபப்படவில்லை. சிரித்தார். முதலாளியும் மற்ற ஆட்களும் கேட்கும்படி, "டாக்டர், பொம்பளைங்களுக்குக் காது கம்மல் போடத்தான். இவ பேச்சைப் போய்க் கேக்கறீங்களே!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். டாக்டரும் சங்கடத்தோடு சிரித்து, பெரியதையே வாங்கிக்கொண்டு போனார். சாயந்திரமே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

அழுதுகொண்டு அக்கா வீட்டுக்குப் போனால் அங்கேயும் அதே கதை. "அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடுச்சு? கடைக்குள்ள நின்னுக்கிட்டு கடைக்கே உலை வெச்சா யாருடி சும்மா இருப்பா?" என்றாள் அக்கா. வேலை போனதைவிட அதுதான் அவளைச் சுட்டது.

அப்புறம் டயர் கடைக்கு மேலே, செங்குத்தான படி ஏறிப் போகும் ஓர் அறையில் சொந்தமாக ரிப்பேர் கடை போட்டாள். தொழில் நன்றாகவே நடந்தது. ஆனாலும் ஒவ்வொரு பெட்டியைத் திறக்கும்போதும் அந்தச் சிரிப்பு காதில் விழும்.

ஆறாம் வருஷம் ஒருநாள் காலையில், அதே பல் டாக்டர் பழுதாகிப்போன பெரிய ரிசீவரை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மூச்சு வாங்கப் படியேறி வந்தார்.

"அன்னைக்கு நீங்க சொன்னதைக் கேட்டிருக்கணும்மா. இப்போ புது வீடு கட்டியிருக்கேன். மறுபடியும் வாங்கணும். உங்க அத்தான் தினம் போன் பண்றார், இதைவிடப் பெரிசா ஒண்ணு வந்திருக்காம்."

அவள் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள். ஆறு வருஷமாக எதற்குக் காத்திருந்தாளோ அது தானாகப் படியேறி வந்திருந்தது.

"அவரையே கொண்டுவரச் சொல்லுங்க டாக்டர். கூடவே சின்னதும் ஒண்ணு வரட்டும். முதலாளியையும் கூப்பிடுங்க. எங்க அக்காவுக்குப் பல் கட்டினது நீங்கதானே, புது வீட்டைப் பாக்க அவளும் வரட்டும். ரெண்டையும் மாத்தி மாத்திக் கேக்க நான் ஒரு சுவிட்ச் பெட்டி செஞ்சு எடுத்துட்டு வர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புது பெயின்ட் வாசனை அடிக்கும் ஹாலில் எல்லாரும் கூடினார்கள். அவளைப் பார்த்ததும் அத்தானின் முகம் ஒரு நொடி சுருங்கி, உடனே விரிந்தது. "அடடே, நீயும் வந்திருக்கியா? நல்லது, கத்துக்கோ" என்றார்.

அவள் இரண்டு ரிசீவர்களையும் அலமாரியில் வைத்து, ஸ்பீக்கர் முனையில் மீட்டரை வைத்து, இரண்டின் சத்தமும் இம்மி பிசகாமல் சமமாகும்வரை திருகினாள். சமம்தானா என்று டாக்டரை ஒருமுறை பார்க்கச் சொன்னாள். பிறகு முன்னால் ஒரு போர்வையைத் தொங்கவிட்டாள். சுவிட்ச் பெட்டியின் ரிமோட் அவளிடம் இருந்தது. டாக்டர் காசைச் சுண்டி, பூ விழுந்ததா தலை விழுந்ததா என்று அவளிடம் மட்டும் காட்டுவார். அதன்படி அவள் பட்டனை அழுத்துவாள். ஓடுவது பெரியதா சின்னதா என்று அத்தான் எழுத வேண்டும்.

"இதெல்லாம் சின்னப் புள்ளை விளையாட்டு" என்றார் அத்தான். ஆனால் முதலாளி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், தட்ட முடியவில்லை.

மழை பெய்யும் ஒரு படக் காட்சி பத்துத் தடவை ஓடியது. டாக்டர் தாளை வாங்கிப் பார்த்துச் சொன்னார்: "அஞ்சு சரி. அஞ்சு தப்பு."

அங்கேயே அவள் நிறுத்தியிருக்கலாம். நியாயம் கிடைத்தாகிவிட்டது. ஆனால் அவளுக்கு நியாயம் போதவில்லை.

"இப்பத்தான் காது பழகுச்சு" என்று அத்தான் நெற்றியைத் துடைத்தார். "இன்னொரு தடவை வை, பிட்டுப் பிட்டு வைக்கிறேன்."

"சரி அத்தான். இந்தத் தடவை எழுத வேண்டாம். வாய்விட்டே சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும்."

அவள் போர்வைக்குப் பின்னால் போய் ஒரு நிமிஷம் இருந்துவிட்டு வந்தாள். சுவிட்ச் 'டக்' என்றது. அத்தான் கண்ணை மூடிக்கொண்டார்.

"இது சின்னது. தகரத்தைத் தட்டற மாதிரி இருக்கு."

டக்.

"ஆ! இதான் பெரிசு. அந்த மழைச் சத்தத்தைக் கேளுங்க, ஒவ்வொரு துளியும் தனியா விழுது. முதலாளி, உங்களுக்குக் கேக்குதா?"

முதலாளி தலையாட்டினார். அக்காவும் பெருமையோடு தலையாட்டினாள். டக். டக். பத்துத் தடவையும் அத்தான் வர்ணித்தார். ஆறு தடவை பெரியது, நான்கு தடவை சின்னது. கடைசியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "என்ன, சரிதானே?" என்றார்.

"டாக்டர், அந்தப் போர்வையைக் கொஞ்சம் எடுங்க" என்றாள் மீட்டரம்மா.

பெரிய ரிசீவரில் ஒரு விளக்குகூட எரியவில்லை. அதன் பிளக் பிடுங்கப்பட்டுத் தரையில் கிடந்தது. சுவிட்சின் இரண்டு பக்கமும் சின்னதிலேயே மாட்டியிருந்தது; பத்துத் தடவையும் ஓடியது அது மட்டுமே.

முதலாளிதான் முதலில் சிரித்தார், வயிறு குலுங்க. தனக்கு இதில் சம்பந்தமே இல்லாதது போல, "யோவ், இதையா இத்தனை வருஷம் வித்தே?" என்றார். அத்தானின் முகத்தில் ஈயாடவில்லை.

"நீ ஏமாத்திட்டே" என்றார் மெல்ல.

"ஆமா அத்தான், ரெண்டாவது தடவை ஏமாத்தினேன். முதல் தடவை ஏமாத்தல. அதுல நீங்க வாங்கின அஞ்சு, காசைச் சுண்டிப் பாத்து எழுதியிருந்தாலும் கிடைச்சிருக்கும்."

டாக்டர் சின்னதையே வாங்கினார். மிச்சப் பணத்துக்கு நல்ல ஸ்பீக்கரும் தரைக்குக் கனமான கம்பளமும் வாங்கச் சொன்னாள், அதனால்தான் சத்தம் நிஜமாகவே மாறும் என்று. கேட்டைத் தாண்டும்போது அக்கா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அஞ்சோட விட்டிருக்கலாமேடி. அந்த மனுஷனை இப்படித் தலை குனிய வெச்சுட்டியே."

"விட்டிருந்தா நாளைக்கு நீயே 'அவருக்கு அன்னைக்கு உடம்பு சரியில்லை'ன்னு சொல்லியிருப்பே."

அக்கா கையை விட்டுவிட்டாள்.

முதலாளி அத்தானைச் சோபா அறையிலிருந்து எடுத்து, ஒயர் விற்கும் பக்கத்துக்கு மாற்றினார். கடை ஆட்கள் அவருக்குப் 'பத்துக்கு அஞ்சு' என்று பேர் வைத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. மீட்டரம்மா அந்தப் பேரை, சாலிடர் வைத்து ஒயரை ஒட்டும்போது தனக்குத்தானே இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். இனித்தது. பச்சாதாபம் வரும் வரும் என்று பார்த்தாள், வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து அதே பெரிய மாடல் ஒன்று ரிப்பேருக்கு வந்தது. சரிசெய்ததும், சும்மா ஒரு ஆசைக்கு, மேஜையிலிருந்த சின்ன ரிசீவரோடு சேர்த்து மாட்டி, மீட்டர் வைத்துச் சமமாக்கி, அன்றைக்குப் போட்ட அதே மழைக் காட்சியை மாற்றி மாற்றிக் கேட்டாள். பெரியதில் மழை கொஞ்சம் நன்றாகப் பெய்தது. திடுக்கிட்டு மீட்டரைப் பார்த்தாள். சமம்தான். கண்ணை மூடி, எது என்று தெரியாமல் பட்டனைத் தட்டிக் கேட்டாள். இரண்டும் ஒன்றே. கண்ணைத் திறந்ததும் பெரியதில் மறுபடி துளித்துளியாக மழை.

அப்படியென்றால் அந்த மனுஷன் ரிமோட்டில் செய்தது திருட்டுதான், ஆனால் அன்றைக்கு ஹாலில் சொன்னது பொய்யில்லை. பிளக் இல்லாத பெட்டியிலிருந்து அவருக்கு நிஜமாகவே மழை கேட்டிருக்கிறது. யாருக்கும் கேட்கும், அவளுக்கே கேட்கிறது.

போனை எடுத்து அக்காவின் நம்பர்வரை போனாள். இதைச் சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருக்கும். ராத்திரி தூங்குவார். ரொம்ப நேரம் அந்த நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அடுத்த பெட்டியின் மூடியைக் கழற்ற ஆரம்பித்தாள்.