சாவிக்கொத்து அம்மாள் யார்?

சகல வாசகப் பெருமக்களுக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில், நவீன இலக்கிய வரலாற்றை இனிமேல் இரண்டு பாகமாகத்தான் எழுத முடியும்: சென்ற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு முன், அதற்குப் பின். நூலகத்தின் மாடி அறையில், ஒரு மின்விசிறி ஓடியும் இன்னொன்று ஓடாமலும் இருக்க, பிளாஸ்டிக் நாற்காலிகளில் பாதி நிரம்பியும் பாதி நிரம்பாமலும் இருக்க, தற்கால இலக்கியத்தின் தவிர்க்க முடியாத ஆளுமை ஒருவரின் மொத்தப் படைப்புகளும் அன்று அலசிப் பிழிந்து காயப்போடப்பட்டன. தவிர்க்க முடியாத ஆளுமை என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. காலி நாற்காலிகள் எல்லாம் தவிர்த்தவர்களுடையவை.

அந்த ஆளுமை மேடையில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தார். வார நாட்களில் அவருக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. விபத்தில் நசுங்கிய கார்களைச் சுற்றிவந்து பார்த்து, நசுங்கல் புதிதா பழையதா என்று எழுதிக் கொடுப்பார். மிச்ச நேரத்தில் எழுத்தாளர். மூன்று நாவல்கள், இரண்டு சிறுகதைத் தொகுப்புகள். முதல் இரண்டு நாவல்களிலும் எதுவும் நடக்காது. மழை வருகிற மாதிரி இருக்கும், வராது. ஒருவன் எழுந்து போய்க் கதவைத் திறக்கலாமா என்று எண்பது பக்கம் யோசிப்பான், கடைசியில் ஜன்னலைத் திறப்பான். யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை. மூன்றாவது நாவலில்தான் சனி பிடித்தது. அதில் உயிருள்ள ஒரு ஆள் வந்துவிட்டாள்.

சாவிக்கொத்து அம்மாள் என்று பெயர். சர்க்கரை டப்பாவைப் பூட்டி வைப்பாள். யாராவது குளிக்கப் போனால் வெளியே நின்று மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்து, போதும் என்று தோன்றியதும் வெந்நீர் சுவிட்சை அணைப்பாள். சோப்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று நகத்தால் அளப்பாள். குப்பைக்கூடையில் கையை விட்டுப் பாதி பேனாவையோ முக்கால் சட்டையையோ எடுத்துவந்து, எல்லோரும் சாப்பிட உட்காரும் நேரமாகப் பார்த்து, "இது யாரு தூக்கிப் போட்டது? நல்லாத்தானே இருக்கு?" என்று விசாரணை வைப்பாள். முந்நூறு பக்கம் இதுதான்.

இதில் கற்பனை என்று எடுத்தால் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்து ஒன்றுதான். எழுத்தாளரின் மாமியார் சாவிகளைக் கைப்பையில் வைத்திருப்பார். மற்றதெல்லாம் அச்சு அசல். அந்த மாமியார் வீட்டு மாடியில்தான் எழுத்தாளர், மனைவியோடு, கல்யாணமான நாளிலிருந்து குடியிருக்கிறார்.

எந்தத் தைரியத்தில் எழுதினார் என்று கேட்டால், கண்புரையின் தைரியத்தில். மாமியாருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, செய்தித்தாளில் தலைப்பைத் தாண்டி எதுவும் தெரியாமல் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. அவர் சோப்பைத் தடவித் தடவி அளந்துகொண்டிருக்க, மருமகன் பக்கத்திலேயே நின்று குறிப்பெடுத்தார். அப்புறம் நாவல் அச்சுக்குப் போன பிறகு, மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்க் கண் அறுவைச் சிகிச்சைக்குக் கையெழுத்துப் போட்டவரும் அவரே. வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டவரும் அவரே. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதை இவ்வளவு பொறுப்பாக யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

மனைவி அச்சுப்படியிலேயே படித்துவிட்டு எச்சரித்தாள். "எங்கம்மாவை அப்படியே உரிச்சு வச்சிருக்கீங்க. அவங்க கண்ணுல பட்டா நாம பெட்டி கட்ட வேண்டியதுதான்." கலைஞன் வாழ்க்கையிலிருந்து எடுப்பான், ஆனால் அதைக் கடந்துபோய்விடுவான் என்று அவர் விளக்கினார். கடந்து போகிறபோது பீரோவையும் கட்டிலையும் யார் தூக்குவது என்று அவள் கேட்டாள்.

வினை வாசகர் வட்டத் தலைவர் ரூபத்தில் வந்தது. ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். அழைப்பிதழ் கொடுக்க வந்தவர், கீழ்வீட்டு வாசலில் மாமியாரைப் பார்த்ததும், படைப்பாளியின் குடும்பத்தாருக்கு வட்டத்தின் அன்பளிப்பு என்று நாவலில் ஒரு பிரதியைக் கையில் திணித்து, முன்வரிசையில் உங்களுக்கு இடம் போட்டிருக்கிறோம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். புதுக் கண் கிடைத்த மாமியாருக்கு அப்போது மருந்துச் சீட்டு, சோப்பு உறை, எது கிடைத்தாலும் படிக்கிற வெறி. நாவலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். மருமகன் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு கீழே இறங்குவார், பக்கம் எது என்று ஓரக்கண்ணால் பார்ப்பார், ஏறிவிடுவார். கடைசியில் ஒருநாள் புத்தகம் மூடியிருந்தது.

"எப்படி இருக்கு, அத்தை?"

"கூட்டத்துல சொல்றேன் மாப்பிள்ளை."

அன்றைக்கே மருமகன் வாடகை வீட்டு விளம்பரங்களைப் பார்க்க ஆரம்பித்தார்.

வாசகர் வட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. படைப்பாளி இறந்துவிட்டான், பிரதி மட்டுமே உயிரோடு இருக்கிறது என்று எங்கேயோ படித்துவிட்டு, தலைவர் அதை அப்படியே அமல்படுத்திவிட்டார். கூட்டத்துக்கு வரும் எழுத்தாளர் வாசகர்களைப் பார்த்தபடி மேடையில் உட்கார வேண்டும். ஏற்புரை நேரம் வரை வாயைத் திறக்கக் கூடாது. தலையாட்டவும் கூடாது. எழுத்தாளர் பிணம் மாதிரி உட்கார்ந்திருந்தார். சட்டத்துக்கு அவ்வளவு கட்டுப்பட்டவரைத் தாங்கள் பார்த்ததே இல்லை என்று பின்னால் எல்லோரும் பாராட்டினார்கள்.

முதலில் பேராசிரியர் எழுந்தார். இந்த வட்டத்தில் அவர்தான் கோட்பாடு. முதல் நாவலில் கதவு திறக்கப்படாதது திறப்பின் உச்சம் என்றார். சிறுகதைகளில் மௌனம் பேசுகிறது, நாவலில் பேச்சு மௌனமாகிறது என்றார். இரண்டு பேர் எழுதிக்கொண்டார்கள். பிறகு சாவிக்கொத்து அம்மாளுக்கு வந்தார். அவளைப் பெண் என்று படிப்பது பாமரத்தனம், அவள் அரசு. வெந்நீர் சுவிட்சு என்பது குடிமகனின் உடல் மீது அதிகாரம் செலுத்தும் கை. சோப்பு என்பது தேய்ந்துகொண்டே போகும் ஜனநாயகம். எழுத்தாளருக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. இதைவிடப் புரியாமல் எவராவது இன்னும் அரைமணி நேரம் பேசினால் பிழைத்துக்கொள்ளலாம். முன்வரிசையில் மாமியார் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியாகப் பேராசிரியரையே பார்த்துக்கொண்டிருந்தார். புதுக் கண். ஒரு இமைகூட அசையவில்லை.

அடுத்து மருந்துக்கடைக்காரர். இவருக்குக் கோட்பாடு கிடையாது, மெய்யாகவே படிக்கிற கெட்ட பழக்கம் மட்டும் உண்டு. முதல் இரண்டு நாவல்களை எங்கே விட்டோம் என்று தேடவே முடியாது, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் என்றார். தூக்கம் வராதவர்களுக்கு மாத்திரைக்குப் பதிலாக அவற்றைச் சிபாரிசு செய்திருப்பதாகவும் சொன்னார். மூன்றாவது நாவலை ஒரே மூச்சில் படித்தாராம். அங்கேதான் ஆபத்து ஆரம்பித்தது.

"சோப்பை நகத்தால அளக்கிறதை எல்லாம் உட்கார்ந்து யோசிச்சு எழுத முடியாதுங்க. இது கண்ணால பார்த்தது. அந்த அம்மா எங்கயோ உயிரோட இருக்காங்க. யாரு அவங்க? அதை மட்டும் சொல்லுங்க."

பிரதிக்கு வெளியே எதுவும் இல்லை என்று பேராசிரியர் பாதி எழுந்து ஆட்சேபித்தார். படைப்பாளி இறந்துவிட்டதால் பதில் சொல்ல முடியாது என்று தலைவர் தீர்ப்பளித்தார். சோப்பு மட்டும் எப்படி உயிரோடு இருக்கிறது என்று மருந்துக்கடைக்காரர் விடாமல் கேட்டார். சபையில் சலசலப்பு. எல்லோருக்கும் திடீரென்று இலக்கியத்தில் உண்மையான அக்கறை பிறந்துவிட்டது.

அப்போது மாமியார் எழுந்து மைக்குக்குக் கை நீட்டினார்.

"அவங்க யாருன்னு எனக்குத் தெரியும்."

ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. கடைசி வரிசையில் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எழுத்தாளர் ஜன்னலைப் பார்த்தார். மாடி வீட்டை அறை அறையாக ஒருமுறை மனசுக்குள் சுற்றிவந்தார். எழுதுகிற மேஜை வாசல் வழியாக வெளியே வராது, காலைக் கழற்றித்தான் இறக்க வேண்டும் என்று தோன்றியது.

"நான் ரொம்பப் படிச்சவ இல்லை," என்றார் மாமியார். "வீட்டு விஷயம், சபையில சொல்லக் கூடாதுதான். ஆனா கேட்டுட்டீங்க. அவங்க என் சம்பந்தி. மாப்பிள்ளையைப் பெத்தவங்க."

அவர் தொடர்ந்தார்.

"அவங்களை வெளியில பார்த்தா ரொம்ப சாதுவாத்தான் இருப்பாங்க. உள்ளுக்குள்ள இவ்வளவு இருக்கும்னு நான் நினைக்கவே இல்லை. நானும் வீட்டுல சில நேரம் வெந்நீரை நிறுத்துவேன். கரண்டு வீணாகுதேன்னு. அது சிக்கனம். பெத்த புள்ள குளிக்கறப்ப நிறுத்துவாளா ஒருத்தி? பாவம், இந்தப் புள்ள இத்தனை வருஷம் வாயைத் திறக்கலையே."

சொல்லிவிட்டு மாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நாலைந்து பேர் கைதட்டினார்கள். மருந்துக்கடைக்காரர் திருப்தியாக உட்கார்ந்தார். தாய்நாடு என்ற கருத்தாக்கத்துக்கும் அரசுக்குமான உறவு இப்போது துலங்குகிறது என்று பேராசிரியர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லி, அதையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

எழுத்தாளரின் அம்மா வேறொரு ஊரில் மூத்த மகனோடு இருக்கிறார். வாழ்க்கையில் எதையும் பூட்டி அறியாதவர். பக்கத்து வீட்டார் சர்க்கரை கேட்டால் டப்பாவோடு கொடுத்துவிட்டு, டப்பாவைத் திருப்பிக் கேட்க மறந்துபோகிற ஜாதி. மகன் அந்த நிமிஷமே எழுந்து, இல்லை, என் அம்மா அப்படிப்பட்டவர் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஏற்புரை வரை பேசக் கூடாது என்பது வட்டத்தின் சட்டம். அந்தச் சட்டத்தில் எவ்வளவு ஆழமான ஞானம் இருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

ஏற்புரைக்கு எழுந்தபோது அவருக்கு உடம்பு லேசாகிவிட்டிருந்தது. இறுக்கமான செருப்பைக் கழற்றி வைத்தபின் கால் விரல்கள் ஒவ்வொன்றாக விரியுமே, அப்படி. தண்ணீர் குடித்தார். சபையைப் பார்த்தார். "தன் காயத்துக்குப் பெயர் வைக்கும் உரிமை படைப்பாளிக்கு இல்லை," என்றார். கைதட்டல் நின்றபாடில்லை. தலைவர் எழுந்துவந்து கட்டிக்கொண்டார். மனைவி மட்டும் குனிந்து தரையில் எதையோ தேடுகிற மாதிரி இருந்தாள். அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் தேற்றினார்கள்.

திரும்பும்போது காரில் மாமியார் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, மாடி ஜன்னல் கதவுகளை மாற்றித் தரப்போவதாகவும், எழுதுவதற்குப் பின்பக்க அறையையும் எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். "உங்க வீடுன்னு நினைச்சுக்கோங்க மாப்பிள்ளை. அங்க அனுபவிச்சது போதும்." பின்சீட்டிலிருந்த மனைவி வீட்டு வாசலில் இறங்குகிறவரை பொறுத்திருந்தாள். மாமியார் உள்ளே போனதும் கேட்டாள்.

"உங்கம்மா பாவம் இல்லையா?"

"அவங்களுக்கு எப்படித் தெரியப்போகுது? என் புத்தகம் ஒண்ணைக்கூட அவங்களுக்கு நான் அனுப்பினதில்லை."

"அதுவும் நல்லதுக்குத்தான்," என்றாள் மனைவி. கூட்டம் முடிந்ததிலிருந்து அடக்கி வைத்திருந்த சிரிப்பு அவளுக்கு அப்போது பீறிட்டது. அவருக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் மாடிப்படியிலேயே உட்கார்ந்து, கீழே கேட்காதபடி வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். மாமியார் புத்தகத்தைப் பிரித்த நாளிலிருந்து பசி மறந்திருந்த மனிதர் அன்றைக்கு இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வீட்டு விளம்பரங்களைக் கிழித்துப் போட்டார். அடுத்த நாவலில் அலுவலக மேலாளரை வைத்து ஏதாவது செய்யலாமா என்றுகூட ஒரு யோசனை ஓடியது.

கூட்டத்தில் விற்பனை மேஜையில் அவருடைய நாவல் ஒரு பிரதி விற்றது. அதை வாங்கிய மாமியார் மறுநாள் காலை சம்பந்திக்குக் கூரியரில் அனுப்பினார்.