அளவுக்கு ஓர் ஆள்

மோதி பாக் அரசுக் குடியிருப்பில் இருந்த நல்லசிவத்தின் மனைவி வள்ளியம்மை, 1974ஆம் வருஷம் டிசம்பர் மாதம் துக்ளகாபாத் கோட்டைச் சுவரடியில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டபோது அரை அங்குலம் குட்டையானாள். அன்று வெயில் நன்றாக இருந்தது. கோட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை.

நல்லசிவம் திருநெல்வேலிக்காரர், மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க். சாந்தினி சௌக்கில் பழைய ரஷ்யக் கேமரா ஒன்றை வாங்கியதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டைகளையும் கல்லறைகளையும் படம் பிடித்துவந்தார். அவர் சேர்ந்திருந்த புகைப்படச் சங்கத்தில் ஒரு நடுவர், படங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் சுவர் பத்தடியா நூறடியா என்று தெரியவில்லை, பக்கத்தில் அளவுக்கு ஓர் ஆளை நிறுத்துங்கள் என்றார். மகள் செல்விக்கு அப்போது ஏழு வயது, ஓரிடத்தில் நிற்க மாட்டாள். அதனால் வள்ளியம்மை நின்றாள். அவளுக்கு அது பிடித்தும் இருந்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவர் அவளை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. கேமராவுக்குப் பின்னால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, “கொஞ்சம் இடதுபக்கம், முந்தானையைச் சரிபண்ணு, ஆங், அப்படியே நில்லு” என்று அவர் சொல்லும்போது அவள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். படத்துக்கு அரை அங்குலம் வீதம் குறைந்தாள். நல்லசிவம் எடுத்த குதுப் மினார் நிஜக் குதுப் மினாரைவிட உயரமாக இருக்கிறது என்று சங்கத்தில் பேசிக்கொண்டார்கள்.

வள்ளியம்மை இரண்டு பஸ் மாறிப் போய் ஒரு தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். கரும்பலகையின் மேல்பாதி எட்டாமல் போனதும் அவளை மூன்றாம் வகுப்புக்கு மாற்றினார்கள். பிறகு நர்சரிக்கு. நர்சரிப் பிள்ளைகளில் ஒருவன் அவளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்ட மறுநாள், இனி வரவேண்டாம் என்று தலைமையாசிரியை நயமாகச் சொன்னாள். பஸ் கண்டக்டர் அரை டிக்கெட் கிழித்துக் கொடுத்தான். அதற்கெல்லாம் முன்பு, 1978இல் ஒரு வாரம் தாயும் மகளும் ஒரே உயரம் இருந்தார்கள். அந்த வாரம் இருவரும் தோளோடு தோள் உரச சரோஜினி நகர் மார்க்கெட்டுக்கு நடந்துபோனார்கள், வள்ளியம்மைக்கு அது சந்தோஷமாக இருந்தது. அடுத்த மாதம் வீட்டுக்கு வந்த சிநேகிதிகளிடம் செல்வி, “யே மேரி சோட்டி பஹன்” என்றாள். தங்கச்சி என்று சொல்லிவிட்டாளே என்று வள்ளியம்மை சமையலறைக்குள் போய் ஸ்டூல் மேல் ஏறி நின்று டீ போட்டாள்.

ஹுமாயூன் கல்லறையில் ஒருநாள் அவள் கேட்டாள்: “இந்த ஒரு தடவ நீங்க நில்லுங்க. நான் எடுக்கேன்.”

அவர் மறுக்கவில்லை. சிரித்த முகத்தோடு நின்றார். கேமராவைப் படிக்கட்டில் வைத்து, இரண்டு பெருவிரலாலும் அழுத்தி அவள் படம் எடுத்தாள். வீட்டுக்கு வந்து சுவரோடு நிறுத்தி அளந்தபோது அவர் ஐந்தடி ஏழு அங்குலம், ஒரு நூல்கூடக் குறையவில்லை.

“பாத்தியா? கேமராவுல கோளாறு இல்ல. ஒன் ஒடம்புலதான் சத்து இல்ல” என்று சொல்லி, மறுநாள் டிஸ்பென்சரியிலிருந்து ஒரு பாட்டில் டானிக் வாங்கிவந்தார். அதை அவள் வேளை தவறாமல் குடித்தாள்.

1979இல் ஒரேயொரு முறை நிற்க மாட்டேன் என்றாள். அவர் கோபப்படவில்லை. நாற்பது நாள் அவளோடு பேசவில்லை, உப்பு வேண்டுமென்றால்கூடச் செல்வியிடம் சொன்னார். நாற்பத்தோராம் நாள் காலையில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “நீ நிக்காட்டி அது வெறும் கல்லு, வள்ளி” என்றார். அவள் கஜுராஹோவுக்குப் போனாள். வெளியூர்க் கோயில்கள் உள்ளூர்க் கல்லறைகளைவிட அதிகம் கேட்டன. கலர் ஃபிலிம் வந்தபின் ஒவ்வொரு படமும் இரண்டு மடங்கு எடுத்தது. பரத்பூரில் ஒரு சாரஸ் கொக்கு அவளைக் குனிந்து பார்த்து, தின்கிற பொருளா என்று கொஞ்ச நேரம் யோசித்தது. அந்த யோசனை படத்தில் அருமையாக விழுந்திருந்தது.

1981இல் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். செல்வி “தோ”, இரண்டு பேர் என்றாள். ரேடியோப் பெட்டியின் மேலிருந்து வள்ளியம்மை கத்தினாள். வீட்டில் சில்வண்டு இருக்கிறது போலிருக்கிறதே என்று சொல்லிவிட்டு அவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

கார்பெட் காட்டில் 1983இல் எடுத்த படத்துக்கு முதல் பரிசு கிடைத்தது. சேற்றில் ஒரு புலியின் காலடித் தடம். அதில் மழைத் தண்ணீர் தேங்கியிருக்கிறது. கரையில் சிவப்புத் துணி சுற்றிய வள்ளியம்மை, இரண்டு அங்குலம். இந்தப் புலி ஒரு குன்றளவு இருக்குமே என்று நடுவர்கள் வியந்தார்கள். எந்தக் காடு, எந்த லென்ஸ், எத்தனை மணிக்கு எடுத்தது என்றெல்லாம் கேட்டார்கள். கரையில் நிற்பது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நல்லசிவத்தின் சட்டைப் பைக்குள் இருந்தபடி அவள் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்குமேல் அவளைக் கேமராவில் கண்டுபிடிப்பது சிரமமாகிவிட்டது. குளிர்காலத்தில் சாஞ்சிக்குப் போக டிக்கெட் எடுத்தபோது நல்லசிவம் மகளைக் கூப்பிட்டார். செல்வி பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவைப் போல உயரம்.

“ரெட் ஸ்வெட்டர் போட்டுக்கறேம்பா. தூரத்துலேர்ந்து அச்சா தெரியும்” என்றாள்.

வள்ளியம்மை மேசை விளிம்புவரை ஓடிவந்து கையைக் காட்டினாள். செல்வி குனிந்து காதைக் கிட்டே கொண்டுவந்தாள்.

“போகாதட்டி. அவரு நில்லுன்னா நிக்காத.”

“ஒரு ஃபோட்டோதானேம்மா. அப்பா பாவம்” என்று செல்வி சொல்லிவிட்டு, ஒரு மூடியில் தண்ணீரும் பக்கத்தில் நாலு சோற்றுப் பருக்கையும் வைத்தாள். எறும்பு வராமல் சுற்றிலும் மஞ்சள்தூள் கோடு போட்டாள். கதவைப் பூட்டிக்கொண்டு போனார்கள்.

நாலாம் நாள் திரும்பி வந்தார்கள். நல்லசிவம் குளியலறை ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி ரோலைக் கழுவ உட்கார்ந்தார். செல்வி கட்டிலில் விழுந்து, ஸ்தூபி எவ்வளவு பெரிது தெரியுமா என்று சொல்லிக்கொண்டே தூங்கிப்போனாள். புறப்படும்போது குதிகாலைத் தொட்டும் தொடாமலும் நின்ற அவளுடைய சல்வாரின் ஓரம் மிதிபட்டு மண்ணாகியிருந்தது.

வள்ளியம்மை அதை இரண்டு பக்கமும் சுற்றிவந்து பார்த்தாள். மறுநாள் செல்வி துவைத்துப்போட்ட பிறகு, தன் உயரமே இருந்த ஊசியைக் கடப்பாரையைத் தூக்குவதுபோல இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு ஓரம் மடித்துத் தைக்கத் தொடங்கினாள். முடிக்க எட்டு நாள் பிடித்தது. செல்வி குறைந்திருந்தது ஓர் அங்குலம்தான். ஆனால் மார்ச்சில் கோனார்க் போவதாக இருந்தார்கள், அதனால் மூன்று அங்குலமாகவே மடித்துவிட்டாள்.