தொட்டிக்கு வடக்கே

பாண்டிலட்சுமிக்குத் திருத்தங்கலில் ஒரு பிரஸ்ஸில் டிசைனிங் வேலை. காலண்டர் முருகனுக்குக் கன்னத்தில் கொஞ்சம் சிவப்பு ஏற்றுவது, கல்யாண பேனரில் மாப்பிள்ளையின் தொப்பையைக் கரைப்பது, கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் செத்தவரைச் சிரிக்க வைப்பது எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வாரம் முழுக்கப் பொய்யை அலங்கரித்த கைக்கு ஞாயிற்றுக்கிழமையாவது நிஜம் வேண்டியிருந்தது. கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் கிளம்பிவிடுவாள்.

அவள் எடுத்தது நிலத்தையும் ஆட்களையும். நிலம் வைத்திருப்பவர், விற்றவர், பட்டாசுக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டவர் என்று நாரணாபுரத்திலிருந்து ஆனைக்குட்டம் வரைக்கும் தேடிப் போனாள். இப்படி நில், அப்படித் திரும்பு என்று யாரிடமும் சொல்வதில்லை. "இது என் எடம்னு ஒங்களுக்கு எங்கன தோணுதோ, அங்கன போய் நில்லுங்க" என்பாள், அவ்வளவுதான். ஒருவர் தூர்ந்துபோன கிணற்றின் மேல் போய் நின்றார். ஓர் அம்மாள் கம்பெனிக் காம்பவுண்டுக்கு வெளியே, சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவளுடைய புஞ்சை சுவருக்கு உள்ளே இருந்தது. மதுரையில் ஒரு கல்லூரியில் இந்தப் படங்களை வரிசையாக மாட்டிவைக்கச் சம்மதித்திருந்தார்கள்.

அவளுடைய அப்பா சிவபாண்டி மட்டும் நிற்க மாட்டேன் என்றுவிட்டார். அவருடைய நாரணாபுரத்துப் புஞ்சை பல வருஷமாகப் பட்டாசுக் கம்பெனி ஒன்றின் கையில் இருந்தது. போன தீபாவளி சீசனில் அங்கே வெடிக்குள் மருந்து செலுத்துகிற ரூம்கள் வெடித்தன. அந்த வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தரும் மிஞ்சவில்லை. லைசென்ஸ் போனது, நிலம் சிவபாண்டியிடம் திரும்பி வந்தது. ரோட்டில் நின்று அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்து படுத்தவர்தான், மாசி முடிகிறவரை அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அந்த நிலத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டவர் மொக்கைச்சாமி. வெடியில் செத்துப்போன பேச்சியம்மாளின் புருஷன். மார்க்கெட்டில் லோடு ஏற்றி இறக்குகிற ஆள், சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. "என்னையும் ஒரு படம் புடிப்பியா தாயி?" என்று தானே வந்து கேட்டார். ஆஸ்பத்திரியில் ஒரு துணிமூட்டையைக் கொடுத்து, இதுதான் உன் பெண்டாட்டி என்று சொல்லியிருந்தார்கள். மூட்டை சுமந்தே பிழைத்தவருக்கு அதை வாங்கிய கையிலேயே தெரிந்துபோனது. "இதுல பாதிகூட அவ இல்ல. மிச்சம் அங்கனதான் கெடக்கா" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

படம் எடுத்த அன்றைக்குக் கம்பெனி போர்மேன் கூட வந்து, தரைமட்டமாகிக் கிடந்த ரூம்களில் இதுதான் பேச்சியம்மாள் உட்கார்ந்த ரூம் என்று காட்டினான். மொக்கைச்சாமி அந்தச் சிமெண்ட் தரையில் ஏறி நின்றார். பாண்டிலட்சுமி ரோட்டுப் பக்கமிருந்து எடுத்தாள். பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி, பின்னால் வெறும் வானம். தான் எடுத்ததிலேயே நல்ல படம் இதுதான் என்று அவளுக்கு உடனே தெரிந்தது. அது தெரிந்ததில் கூச்சமாகவும் இருந்தது.

பங்குனியில் சிவபாண்டி திடீரென்று எழுந்து உட்கார்ந்தார். சித்திரை முதல் நாள் பொன்னேர் பூட்டப்போவதாகச் சொன்னார். வருஷத்தின் முதல் உழவு அது, கரிசல்காட்டுச் சம்சாரிக்குச் சாமி காரியம். "வெள்ளாமை வச்சாத்தான் அது நெலம். இல்லன்னா காலத்துக்கும் சுடுகாடாத்தான் கெடக்கும்" என்றார். ஜேசிபி வந்தது. மிச்சம் நின்ற சுவர், சிமெண்ட் தரை எல்லாவற்றையும் வழித்தெடுத்து மண்ணை நிரவிவிட்டுப் போனது. தண்ணீர்த் தொட்டியை மட்டும் பாசனத்துக்கு ஆகும் என்று விட்டுவைத்தார்.

சேதி தெரிந்து மொக்கைச்சாமி வீடு தேடி வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"உழுகாதீகன்னு சொல்ல வரல அண்ணாச்சி. ஒங்க நெலம், உழுங்க. அதுக்கு முன்னால அவள எடுத்துக்கிடுறேன்."

"எப்படிப்பா எடுப்ப?" என்றார் சிவபாண்டி.

"பிடிமண்ணு எடுத்துத்தான்."

குலசாமியை வேறு ஊருக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால், கோயில் மண்ணில் ஒரு பிடி எடுத்துப் போய்ப் புது இடத்தில் வைத்துக் கும்பிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். மண்ணோடு சாமியும் வந்துவிடும். மனுஷியும் வருவாள் என்று மொக்கைச்சாமி நம்பினார். அவருக்கு ஒரே ஒரு பயம்தான் இருந்தது.

"அவ இருந்த எடத்து மண்ணா இருக்கணும். எடம் மாறிப்போச்சுன்னா வரமாட்டா. அங்கனயே கெடந்து கலப்பையில கிழிபடுவா. போர்மேன் கேசுக்குப் பயந்து ஊரவிட்டே ஓடிட்டான். ரூமு இருந்த தடமும் போச்சு. நம்ம பாப்பாகிட்டதான் படம் இருக்கு."

"நான் வந்து காட்டுறேண்ணே" என்றாள் பாண்டிலட்சுமி. தன் கேமரா ஒரு மனுஷருக்கு உபயோகப்படப் போகிறதே என்று அவளுக்கு மனசு நிறைந்துபோயிற்று.

சித்திரை முதல் நாள் காலை. பால்பாண்டியின் டிராக்டர் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் போட்டுக்கொண்டு தெற்கு வரப்பில் தயாராக நின்றது. பல மாதத்துக்குப் பிறகு சிவபாண்டி நிலத்தில் கால் வைத்தார். மொக்கைச்சாமி கையில் புதுக் கலயம். ரோட்டை முதுகுக்குப் பின்னால் விட்டு மேற்கே பார்த்து நின்றார்கள். எதிரே தொட்டி. அதற்கு இரண்டு பக்கமும் ஒரே கறுப்பு, கண்ணுக்குப் பிடிமானமாக ஒரு செங்கல் கூட இல்லை.

மொக்கைச்சாமி தயங்கினார். "தொட்டிக்குத் தெக்கன்னு எனக்கு ஒரு நெனப்பு."

பாண்டிலட்சுமி மதுரைக் கல்லூரிக்காகப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுவைத்திருந்த படத்தைப் பிரித்துக் காட்டினாள். படத்தில் அவர் தொட்டிக்கு வலது பக்கம் நின்றார். "இல்லண்ணே, வடக்க. இங்கன பாருங்க."

அவர் படத்தைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "படத்தவிட எனக்கா தெரிஞ்சிரப் போகுது" என்று வடக்கே நடந்தார்.

அவள் கைகாட்டிய இடத்தில் மண்டியிட்டார். "ஏளா பேச்சி, வா, வீட்டுக்குப் போவோம்" என்று சாதாரணமாகத்தான் கூப்பிட்டார். வேலை முடிந்து வாசலில் நிற்கிறவளைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. ஒரு பிடி மண்ணை அள்ளிக் கலயத்தில் இட்டார். சிவபாண்டி துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார். பிறகு பால்பாண்டிக்குக் கையைக் காட்டினார். டிராக்டர் தெற்கு ஓரத்திலிருந்து உழவைத் தொடங்கியது.

மொக்கைச்சாமி சூடம் ஏற்றச் சட்டைப் பையைத் துழாவினார். படத்தில் போட்டிருந்த அதே கட்டம்போட்ட சட்டை. பை இடது மார்பில் இருந்தது. அவள் கையிலிருந்த படத்தில் பை வலது மார்பில் இருந்தது.

முதலில் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு தன் கை செய்தது நினைவுக்கு வந்தது.

போன வாரம் படங்களை வரிசைப்படுத்தும்போது மொக்கைச்சாமி படம் கடைசியில் வந்தது. முகம் வரிசைக்கு வெளியே பார்த்தது. காலண்டரில் சாமி ஆனாலும் ஆசாமி ஆனாலும் முகம் தேதியைப் பார்க்க வேண்டும் என்பது பிரஸ் பழக்கம். வெளியே பார்க்கிற முகத்தை உள்ளே திருப்பக் கம்ப்யூட்டரில் ஒரு தட்டுப் போதும், படமே இடம் வலமாக மாறிவிடும். ஒரு நாளைக்கு எத்தனையோ படத்துக்குச் செய்கிற வேலை. அன்றைக்கும் தட்டிவிட்டாள். தட்டியது மனசில் கூடத் தங்கவில்லை.

தெற்குதான். அந்த மனுஷருடைய நினைப்புதான் சரி. அவள் திரும்பிப் பார்த்தபோது டிராக்டர் தொட்டியின் தென்புறத்தைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. கட்டி கட்டியாக மண் புரண்டு கிடந்தது. நிறுத்தச் சொல்லிக் கத்த வாயைத் திறந்தாள். நிறுத்தித்தான் புரண்ட மண்ணில் எதைப் பிரிப்பது? இத்தனை சுத்தமாக ஒரு பாவத்தைச் செய்ய முடியும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. தன் கையை வெட்டிப் போட்டால் தேவலை என்றிருந்தது.

"நல்லபடியா முடிஞ்சிருச்சு தாயி" என்றார் அப்பா. அவர் முகத்தில் பல மாதத்துக்குப் பிறகு ரத்தம் ஓடியிருந்தது. "வா, என்னையும் ஒரு படம் எடு."

படத்தைத் திருப்பியதைச் சொல்லிவிடுவது என்று அவள் மொக்கைச்சாமியிடம் போனாள். அவர் மஞ்சள் துணியால் கலயத்தின் வாயைக் கட்டி இடுப்பில் இடுக்கியிருந்தார்.

"அண்ணே..."

"நான் ஒரு கூறுகெட்டவன் தாயி" என்றார் அவர். லேசாகச் சிரித்தார். "இத்தன மாசமா லோடுக்குப் போறப்பயும் வாரப்பயும் ரோட்டுல நின்னு தெக்குப் பக்கமாப் பாத்துல்ல கும்பிட்டுக்கிட்டு இருந்தேன். அவ வடக்க இருந்துக்கிட்டு, நம்ம மனுசன் நம்மளப் பாக்காமலே போறாகளேன்னு எம்புட்டு ஏங்கியிருப்பா. நல்ல வேள, நீ படம் எடுத்து வச்ச."

டிராக்டர் அடுத்த சாலுக்குத் திரும்பியது. புழுதி கிளம்பி வந்தது. கலயத்தின் மேல் படாமல் அவர் இரண்டு கையாலும் அதை மார்போடு பொத்திக்கொண்டார்.

"ஆமாண்ணே" என்றாள் பாண்டிலட்சுமி.