காலி வீட்டில் டீ

வாடகை வீட்டுக்கு முன்பணம் கட்ட லீயனிடம் காசில்லை. நகராட்சிக் கவுன்சில் ஜாமீன் நிற்கச் சம்மதித்தது. ஆனால் அவர்கள் ஆள் வந்து வீட்டைப் பார்ப்பதற்குள் குடியேறினால் ஜாமீன் கிடையாது. கையில் சாவி இருந்தால் சும்மா இருப்பாளா? முந்தின நாளே பிள்ளைகளோடு வந்துவிட்டாள்.

காலையில் பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும் பரிசோதகர் ப்ரெஸ்காட் வந்தார். லீயன் மெத்தைகளை மாடி அறையில் திணித்துவிட்டுக் கதவைத் திறந்தாள். அவர் சுவரின் ஈரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு மாடிப்படியில் கால் வைத்தார். எப்படியாவது அவரைக் கீழேயே நிறுத்தவேண்டும் என்ற பதற்றத்தில், யார் வந்தாலும் கேட்கிற கேள்வி வாயில் வந்துவிட்டது.

"டீ போடட்டுமா சார்?"

ப்ரெஸ்காட் திரும்பினார். "காலி வீட்டுல டீயா? பாலும் இருக்கோ?"

 பொய் சொல்ல லீயனுக்கு நாக்கு எழவில்லை. "இருக்கு சார்."

"அப்ப ரெண்டு சர்க்கரை போடும்மா." அவர் படியிலிருந்து இறங்கி, டீயைக் குடித்துக்கொண்டே ஜாமீன் தாளில் கையெழுத்துப் போட்டார். "நாளைக்குக் குடிவரலாம். இன்னிக்கு ராத்திரி மட்டும் விளக்கு போடாதே. எதிர்வீட்டு மேவிஸம்மா நேத்தே எங்களுக்கு போன் பண்ணிட்டாங்க."

அவர் போனபின் லீயன் ஜன்னல் வழியே பார்த்தாள். எதிர்வீட்டுத் திரை ஆடியது.